ரஃப் ரைடரா, ராங்லரா? மலிவான .22 ரிவால்வர்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

அமெரிக்காவில் விடுமுறை நாளில் சுடுதளத்துக்குச் சென்று, காகித இலக்கையோ காலித் தகர டப்பாவையோ குறிபார்த்துச் சுடுவது பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. தோட்டா பட்டதும் தகரம் எழுப்பும் ஓசையை வைத்தே இதைப் ‘பிளிங்கிங்’ என்கிறார்கள். இதில் போட்டியும் இல்லை, தற்காப்பும் இல்லை. எனவே இதற்காக ரிவால்வர் வாங்குபவர் வேகத்தையும் வலிமையையும் ஒதுக்கிவிட்டு, பாதுகாப்பு, குறி தவறாமை, செலவு ஆகிய மூன்றை மட்டும் எடைபோட்டால் போதும்.

செலவு என்றதும் ரிவால்வரின் விலைச் சீட்டைப் பார்ப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. அண்மைக் கால விலைகளில் .22 லாங் ரைஃபிள் எனும் சிறிய தோட்டா (.22 என்பது அங்குலக் கணக்கில் அதன் குறுக்களவு) ஒன்று ஏறத்தாழ 7 அல்லது 8 சென்ட்டுக்குக் கிடைக்கிறது; .38 ஸ்பெஷல் தோட்டா அதைப்போல நான்கைந்து மடங்கு விலை. 500 தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்க முன்னதற்கு 40 டாலர் போதுமென்றால், பின்னதற்கு 150 டாலருக்கும் மேல் ஆகும். சில மாதங்களிலேயே தோட்டாச் செலவு துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும் என்பதால், சிக்கனம் கருதுபவருக்கு .22 தவிர வேறு அளவு பொருந்தாது. உதைப்பும் ஓசையும் குறைவாக இருப்பதால், புதிதாகப் பழகுபவர் விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் கெட்ட பழக்கத்துக்கும் இதில் இடம் குறைவு.

இந்த அளவில் 250 டாலருக்குள் புதிதாக வாங்க எண்ணுபவர் முன் பெரும்பாலும் வந்து நிற்பவை இரண்டு: ஹெரிடேஜ் நிறுவனத்தின் ரஃப் ரைடர், ரூகர் நிறுவனத்தின் ராங்லர். இரண்டும் 1873-இல் வந்த கோல்ட் ரிவால்வரின் சாயலில் அமைந்த ‘சிங்கிள் ஆக்‌ஷன்’ வகை. அதாவது ஒவ்வொரு முறையும் பின்புறமுள்ள சுத்தியலை, தோட்டாவை வெடிக்கவைக்கும் அடியைத் தரும் உறுப்பை, கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்த பிறகுதான் சுட முடியும். சிலிண்டர் எனும் சுழலும் உருளையின் அறைகளில் ஆறு தோட்டாக்களையும் பக்கக் கதவு வழியே ஒவ்வொன்றாக நுழைத்து, சுட்ட பிறகு வெற்றுக் கூடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். இந்தத் தாமதத்தைக் குறை என்பவர் உண்டு. பொழுதுபோக்குக்கு அதுவே நல்லது என்பேன், தோட்டாப் பெட்டி சீக்கிரம் காலியாகாது.

ரஃப் ரைடர் 1990-களிலிருந்து சந்தையில் இருக்கிறது. 2012-இல் ஹெரிடேஜை டாரஸ் என்ற துப்பாக்கி நிறுவனம் வாங்கியது; இப்போது ஜார்ஜியா மாநிலத்தின் பெயின்பிரிட்ஜில் இது தயாராகிறது. கடைகளில் 150 டாலரை ஒட்டியே கிடைப்பதும், குழல் நீளம், பிடி, நிறம் ஆகியவற்றில் வேறெவரும் தராத அளவுக்குத் தெரிவுகள் இருப்பதும் இதன் பலம். விசையும் பொதுவாக இலகுவாகவும் சுத்தமாகவும் விடுபடும்; இந்த ஒன்றில் ராங்லரைவிட இதையே மேலானது என்று சொல்ல வேண்டும். சில வகைகளோடு .22 மேக்னம் எனும் வலு கூடிய தோட்டாவுக்கான இரண்டாவது சிலிண்டரும் வரும்.

2019-இல் 249 டாலர் பட்டியல் விலையோடு வந்த ராங்லர், ரஃப் ரைடரின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்தே உருவானது என்பது வெளிப்படை. அலுமினியக் கலவைச் சட்டம், 4.62 அங்குல எஃகுக் குழல், கீறல் தாங்கும் செராகோட் பூச்சு, ஏறத்தாழ 850 கிராம் எடை என்பவை இதன் விவரங்கள். பட்டியலில் பெரிதாகத் தெரியாத ஓர் உறுப்புத்தான் என் கணக்கில் தீர்ப்பைச் சாய்க்கிறது: டிரான்ஸ்ஃபர் பார்.

பழைய பாணி ரிவால்வர்களில் தாழ்ந்திருக்கும் சுத்தியலின் மேல் பலமான அடி விழுந்தால், அதன் நேரே இருக்கும் தோட்டா வெடிக்கக்கூடும். ஆறு அறைகளில் ஒன்றைக் காலியாக விட்டு, அதன் மேல் சுத்தியலை இறக்கி வைக்கும் வழக்கம் இந்த ஆபத்தால் வந்ததே. ராங்லரில் சுத்தியல், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை நேரடியாகத் தொடுவதில்லை. விசையை முழுவதும் இழுத்துப் பிடித்திருக்கும்போது மட்டும் ஓர் எஃகுத் தகடு இரண்டுக்கும் நடுவே உயர்ந்து அடியைக் கடத்துகிறது. விசையிலிருந்து விரலை எடுத்தால் தகடு இறங்கிவிடும். ஆகவே கை நழுவிக் கீழே விழுந்தாலும் அது வெடிக்காதிருக்க, பயன்படுத்துபவர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

ரஃப் ரைடர் இதே வேலையைச் சுத்தியலின் இடப்பக்கமுள்ள ஒரு நெம்புகோலிடம் ஒப்படைக்கிறது. அதைப் போட்டுவிட்டால் சுத்தியல் ஊசியை எட்டாது. சிவப்புப் புள்ளி தெரிந்தால் சுடத் தயார் என்று பொருள். ஏற்பாடு சரியானதே. ஆனால் பாதுகாப்பு மனிதர் நினைவை நம்பி நிற்கிறது. தவிர, தோட்டா இடுவதற்குச் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்த வேண்டும். ராங்லரில் சுத்தியலைத் தொடாமல் பக்கக் கதவைத் திறந்தாலே சிலிண்டர் சுழலும். பதின்வயதுப் பிள்ளைக்கு அருகில் நின்று பழக்குபவர் இந்த வேறுபாட்டை முதல் நாளிலேயே உணர்வார். விலையில் உள்ள வித்தியாசம் இதற்குத் தகும்.

இரண்டுக்கும் பொதுவான குறை, வழக்கமான வகைகளில் குறிகளை, அதாவது குறிபார்க்க உதவும் முன், பின் அடையாள உறுப்புகளை, திருத்த முடியாது என்பது. தோட்டா தாழ்வாகப் பட்டால் முன்குறியைச் சிறிது அராவி உயர்த்திக்கொள்ளலாம். இடமோ வலமோ விலகினால் வீட்டில் செய்ய எளிய வழியில்லை. பத்து கெஜத்தில் டப்பாவைச் சுட இது போதும், 25 கெஜத்தில் காகிதத்தில் நெருக்கமான துளைகளை எதிர்பார்ப்பவருக்குப் போதாது. அத்தகையவர் 2023-இல் வந்த சூப்பர் ராங்லரைப் பார்க்கலாம்: எஃகுச் சட்டம், 5.5 அங்குலக் குழல், திருத்தக்கூடிய பின்குறி, மேக்னம் சிலிண்டர் ஆகியவை சேர்ந்து அறிமுகப் பட்டியல் விலை 329 டாலர். மேக்னம் தோட்டா வழக்கமான .22-ஐவிட மிகவும் விலை கூடியது என்பதால், இரண்டாவது சிலிண்டர் மேசை இழுப்பறையிலேயே கிடக்க வாய்ப்பு அதிகம். அதைப் பயன்படுத்துபவர், மேக்னம் சிலிண்டரில் சாதாரண .22 தோட்டாவை மறந்தும் இடக்கூடாது. அறை அகலமாக இருப்பதால் கூடு பிளந்துவிடும்.

சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 617 போன்றவை பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் அருமையான துப்பாக்கிகள். ஆனால் விலை 800 டாலரைத் தாண்டுவதால் அவை இந்த அலசலின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

பழையது வாங்கத் தயங்காதவருக்கு, ராங்லரின் மூத்த உறவான ரூகர் சிங்கிள் சிக்ஸ் இருக்கிறது. 1953-இல் தொடங்கிய இந்த வரிசையில் 1973-க்கு முந்தியவற்றுக்கு டிரான்ஸ்ஃபர் பார் கிடையாது; சட்டத்தின் பக்கத்தில் மூன்று திருகுகள் தெரிந்தால் அது பழைய வகை என்று அடையாளம் காணலாம். நிறுவனம் இப்பாதுகாப்பு உறுப்பை இலவசமாகப் பொருத்தி, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருகிறது. சேகரிப்பாளர்கள் அந்தப் பாகங்களுக்கும் மதிப்புப் போடுவதால், விற்பவரிடம் அவை இருக்கின்றனவா என்று கேட்ட பிறகே விலை பேச வேண்டும்.