சிறை நிரம்பி வழிகிறது: கட்டுவதா, திறந்துவிடுவதா, வாசலைக் குறுக்குவதா?

54 பேருக்கு ஒரே கழிப்பறை. கலிஃபோர்னியா சிறைகளைப் பற்றி 2011 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் இந்தக் கணக்கு இருக்கிறது. சுமார் 80,000 பேருக்காகக் கட்டிய சிறைகளில் ஏறத்தாழ இரு மடங்கு ஆட்கள். உரிய வைத்தியம் கிடைக்காமல் ஆறேழு நாளுக்கு ஒரு கைதி வீணாகச் செத்துக்கொண்டிருந்தார். திருடியவருக்கு நீதிபதி விதித்தது சிறையைத்தான், சாவை அல்ல. ஆகவே "அப்படியே கிடக்கட்டும்" என்பதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. மிச்சம் இருப்பவை மூன்று.

புதிய சிறை கட்டுவதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நிலம், பணம், காவலர், மருத்துவர் எல்லாம் கூடிவரப் பல ஆண்டுகள் பிடிக்கும். இன்று தரையில் முறைவைத்துத் தூங்குகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இடியும் நிலையிலுள்ள பழைய கட்டடத்துக்கு மாற்று என்றால் மட்டும் சரி.

வன்முறையில் ஈடுபடாதவர்களை மொத்தமாக முன்விடுதலை செய்வது இதற்கு நேர் எதிர்: வேகமானது. 2006 ஜூலையில் இத்தாலி நாடாளுமன்றம் தண்டனையில் மூன்று ஆண்டுவரை குறைத்தது. சில மாதங்களில் கைதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளியே வந்தார்கள். ஐந்து ஆண்டுக்குள் மறுபடி குற்றம் செய்து கடுந்தண்டனை பெற்றால், குறைத்த காலத்தையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அது வேலை செய்தது. தலைக்கு மேல் தொங்கிய பாக்கி எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு மறுகுற்றம் குறைந்தது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஆனால் உள்ளே அனுப்பும் வேகம் மாறவில்லை. 2010-க்குள் சிறைகள் முன்பைவிட அதிகமாக நிரம்பிவிட்டன. ஆளுக்கு மூன்று சதுர மீட்டர்கூட இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013-ல் இத்தாலியைக் கண்டித்தது.

இன்னொரு சிக்கல் "வன்முறையற்ற" என்ற முத்திரையிலேயே இருக்கிறது. 2024 செப்டம்பர் 10 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்டனையில் 40 சதவீதம் முடித்தவர்களை விடத் தொடங்கினார்கள். ஒரே நாளில் சுமார் 1,700 பேர். அதில் 37 பேர் தவறுதலாக வெளியே போனார்கள். ஒருவரை நெருங்கக் கூடாது என்ற நீதிமன்றத் தடையை மீறியவர்கள் அவர்கள். ரத்தான பழைய சட்டத்தின் பெயரில் வழக்குப் பதிவானதால் சல்லடையில் சிக்கவில்லை. காகிதத்தில் அது வெறும் உத்தரவு மீறல்தான். அந்த உத்தரவைக் கேட்டு வாங்கியவருக்கோ அது உயிர்ப் பயம். குற்றத்தின் பெயரை மட்டும் பார்த்துக் கதவைத் திறப்பதை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம்.

மூன்றாவது வழி வாசலைக் குறுக்குவது, அதாவது சிறைக்கு அனுப்புவதையே குறைப்பது. என் வாக்கு இதற்குத்தான். கலிஃபோர்னியா 2011 அக்டோபர் முதல் வன்முறையோ பாலியல் குற்றமோ அல்லாத சிறு வழக்குகளில் தண்டனை பெற்றவர்களை மாநிலச் சிறைக்கு அனுப்பாமல் உள்ளூர் நிர்வாகத்திடமே விட்டது. பரோல் (அங்கே விடுதலைக்குப் பிந்தைய கண்காணிப்பு) விதியை மீறியதற்காக மட்டும் மாநிலச் சிறைக்குத் திருப்பி அனுப்புவதையும் பெரும்பாலும் நிறுத்தியது. மாநிலச் சிறைகளில் கூட்டம் சட்டென்று இறங்கியது; அதில் ஒரு பகுதி உள்ளூர்ச் சிறைகளுக்கு இடம் மாறியதும் உண்மை. வன்முறைக் குற்றம் இதனால் கூடவில்லை. வாகனத் திருட்டு கூடியது. அந்த இழப்பைச் சொல்லித்தான் இந்த வழியை ஆதரிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய வாசல் விசாரணைக் காவல். உலகச் சிறைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இன்னும் தண்டனை பெறாதவர். இந்தியாவில் 2022 இறுதியில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் பிணையாள் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்கள் உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, முதல்முறை வழக்கில் சிக்கியவர் அக்குற்றத்துக்கான உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைக் கழித்துவிட்டால் பிணையில் வரலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும் பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது இல்லை. குற்றமே நிரூபணமாகாத ஒருவரை வெளியே விடுவதை "சலுகை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாசல் குறுகும்வரை முன்விடுதலையும் வேண்டும், ஆனால் ஆள் ஆளாகப் பார்த்து. போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வெளியே வந்த முதல் இரண்டு வாரம் மிக ஆபத்தானது. உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும், பழைய அளவே உயிரை எடுத்துவிடும். ஆகவே வெளியேறுகிறவர் கையில் மாத்திரையும் அடையாள அட்டையும் அன்றிரவு தங்கும் முகவரியும் இருக்க வேண்டும். அவரால் பாதிக்கப்பட்டவருக்கு விடுதலைத் தேதி முன்கூட்டியே எழுத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.