உடைந்த பாக்கெட்: வரிவரியாகப் பதிவா, எண்ணிக்கை மட்டுமா?

சிங்கப்பூரின் தை செங் வட்டாரத்தில் சர்வர்களைக் கவனிக்கும் இரவு ஷிஃப்ட் பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, உடைந்த பாக்கெட் ஒவ்வொன்றையும் லாக்கில் எழுதணுமா, எண்ணிக்கை மட்டும் போதுமா?"

உடைந்த பாக்கெட் என்றால் நெட்வொர்க்கில் வடிவம் கெட்டு வரும் தரவுத் துண்டு; லாக் என்றால் சர்வர் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு. வரிவரியாக எழுதினால் துப்பு கிடைக்கும். எந்த இன்டர்ஃபேஸில் (நெட்வொர்க் வாசலில்) வந்தது, எந்த முகவரி, தலைப்பில் (முகவரி முதலான விவரங்கள் உள்ள முன்பகுதியில்) எந்த இடம் கெட்டது, எல்லாம் தெரியும். ஆனால் பாக்கெட்டை அனுப்புவது வெளியாள். அவன் நொடிக்கு லட்சம் அனுப்பினால் லாக்கிலும் லட்சம் வரி. ஒருமுறை விடியற்காலை 3 மணிக்கு எங்கள் சர்வரில் டிஸ்க் நிரம்பி, லாகின்கூட செய்ய முடியவில்லை. பாக்கெட்டுகளை இயங்குதளத்தின் மையமான கெர்னல் அப்போதே தூக்கி எறிந்துவிட்டது. அவற்றைப் பற்றி எழுதியதுதான் எங்களைக் கவிழ்த்தது. அனுப்பியவர் முகவரியையும் நம்ப முடியாது, போலியாகப் போடலாம்.

எண்ணிக்கைக்கு இந்தத் தொல்லை கிடையாது. பாக்கெட்டின் ஐபி (இணைய முகவரி முறை) தலைப்புப் பிழைகளை, சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் தானாகவே எண்ணி வைக்கிறது; 'நெட்ஸ்டாட் -எஸ்' (netstat -s) என்ற கட்டளை அடித்தால் காட்டும். செலவு ஒரு கூட்டல்தான். யார், ஏன் என்று மட்டும் சொல்லாது.

நான் எண்ணிக்கை பக்கம். எண் திடீரென ஏறினால் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் (tcpdump) கருவியைப் போட்டு நேரில் பார்க்கலாம். வரியும் வேண்டுமா, சரி, வரம்போடு எழுதுங்கள். லினக்ஸ் நெட்வொர்க் செய்திகளுக்கென்று 5 நொடிக்கு 10 செய்தி என்ற இயல்பான வரம்பு இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிடாதே என்று தம்பியிடம் இரண்டு முறை சொன்னேன்.