கரு கலைந்த பிறகு வெளிநாட்டுப் பயணம்: உடனே போவதா, தள்ளிப்போடுவதா?

டிக்கெட் முன்பே எடுத்தாகிவிட்டது. அதற்குள் கரு கலைந்துவிட்டது. அல்லது வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஓர் ஊருக்குப் போய்விடலாம் என்று மனம் தவிக்கிறது. இரண்டு தவிப்பும் நியாயமானவை. முடிவெடுக்கும்போது பலரும் எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும் எண்ணுகிறார்கள். கர்ப்பப்பை முழுவதும் சுத்தமாகிவிட்டதா, எந்த வழியில் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

முதல் இரண்டு வாரங்களில் கிளம்புவது

டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) அல்லது உறிஞ்சி எடுக்கும் முறையில் சிகிச்சை முடிந்தவருக்கு ரத்தப்போக்கு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். மருத்துவர் பார்த்துச் சம்மதித்தால், பக்கத்து நாட்டுக்குச் சிறிய பயணம் போகலாம்.

கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து உள்ளிருப்பதை வெளியேற்றும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை எடுத்தவரின் நிலை வேறு. சில மணி நேரத்தில் கடும் வலியும் கட்டிகட்டியாக ரத்தமும் வரும். அதன் பிறகு இரண்டு வாரம் வரை கசிவு இருக்கலாம். எல்லாம் வெளியேறிவிட்டதா என்று பார்க்க, மூன்று வாரம் கழித்துச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வது வழக்கம். அதற்கு முன்பே ஊரைவிட்டுப் போனால், உள்ளே தங்கிய திசுவால் வரும் தொற்றையும் ரத்தப்போக்கையும் முன்பின் தெரியாத மருத்துவமனையில் சமாளிக்க வேண்டியிருக்கும்.

தானாகக் கலையட்டும் என்று காத்திருப்பவர் போகவே வேண்டாம். எந்த நேரத்தில் தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, நடுவானில்கூடத் தொடங்கலாம். சட்டச் சிக்கலும் உண்டு. 2022-ல் மால்டாவுக்குச் சுற்றுலா போன ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு 16-வது வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. குழந்தை பிழைக்க வழியில்லை என்று தெரிந்தும், இதயத்துடிப்பு இருந்ததால் கர்ப்பத்தை முடித்துவைக்க அங்கே சட்டம் இடம் தரவில்லை. அவரை ஸ்பெயினுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள்.

குழாய்க் கர்ப்பத்துக்கு (கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்குவது) அதன் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டவர்களும் எச்சிஜி என்னும் கர்ப்ப ஹார்மோன் அளவு முழுவதும் இறங்கும்வரை ஊரிலேயே இருக்க வேண்டும். அளவு குறைந்துகொண்டிருக்கும்போதுகூடக் குழாய் வெடிக்கலாம். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (கருவுக்குப் பதில் நஞ்சுத் திசு அளவுக்கு மீறி வளர்வது) என்றால் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை இருக்கும். நீண்ட பயணத்துக்கு அது ஒத்துவராது.

எங்கே இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய பேட் வீதம், இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைவது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, தலைசுற்றி விழப்போவதுபோல் ஆவது. ஆர்எச் நெகட்டிவ் ரத்தப் பிரிவு என்றால், ஆன்டி-டி ஊசி (அடுத்த குழந்தையின் ரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் உடலில் உருவாகாமல் தடுப்பது) தேவையா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

மூன்றாவது, நான்காவது வாரம்

ஆரம்ப வாரங்களில் கலைந்தவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். ரத்தப்போக்கு நின்றிருக்கும், பரிசோதனை முடிவும் கையில் இருக்கும். நீச்சல் குளத்திலும் கடலிலும் இறங்கலாம் (கசிவு இருக்கும்வரை அது கூடாது, டாம்பூனும் கூடாது). ஹீமோகுளோபின் மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். ரத்தசோகை இருந்தால் அங்கே மூச்சு வாங்கும்.

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் யாருக்கும் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். அண்மையில் கர்ப்பமாக இருந்த உடலுக்கு இன்னும் கூடுதல். முழங்காலுக்குக் கீழே அணியும், கணுக்காலில் 15 முதல் 30 எம்எம்எச்ஜி அழுத்தமுள்ள காலுறை, மணிக்கொரு முறை எழுந்து நடப்பது, நடைபாதை ஓர இருக்கை ஆகிய மூன்றும் உதவும். முன்பு ரத்தம் உறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது.

இருக்கையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முதல் வரிசையில், எதிரேயுள்ள தடுப்புச் சுவரில்தான் கைக்குழந்தைக்கான தொட்டிலை மாட்டுவார்கள். கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டு, பல மணி நேரம் பச்சிளங்குழந்தையின் அழுகைக்கு அருகில் உட்கார வேண்டாம். பத்து வரிசையாவது தள்ளி எடுங்கள். ஜப்பான் ஏர்லைன்ஸ் இருக்கை வரைபடத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இடம் குறியிட்டுக் காட்டப்படும். கர்ப்ப கால செயலிகளையும் கிளம்பும் முன்பே நீக்குங்கள். வாரக் கணக்கு சொல்லும் அறிவிப்பு ஓட்டல் அறையில் வந்து நிற்பது கொடுமை.

ஆறு வாரத்துக்குப் பிறகு

20 வாரம் தாண்டி இழந்தவர்கள், சிசேரியன் ஆனவர்கள் இந்தக் காலம்வரை பொறுப்பதே நல்லது. இழந்த சில நாட்களில் பால் சுரந்து மார்பு கனக்கும். தையல் ஆற வேண்டும். ரத்தம் உறையும் அபாயமும் இந்த ஆறு வாரத்தில்தான் அதிகம். ஆரம்பத்தில் கலைந்தவருக்கு முதல் மாதவிடாய் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வரும். வழக்கத்தைவிட அதிகமாகப் போகலாம் என்பதால் பெரிய பேட் கையோடு இருக்கட்டும். ஆனால் கருமுட்டை இரண்டு வாரத்திலேயே வெளிவரலாம். அடுத்த குழந்தைக்கு உடனே முயல்பவர்கள் ஜிகா (கொசுவால் பரவும், கருவைப் பாதிக்கும் வைரஸ்) பரவும் நாட்டைத் தவிருங்கள். போய்வந்தால் பெண் இரண்டு மாதமும் ஆண் மூன்று மாதமும் பொறுக்க வேண்டும்.

ஒரே ஊரா, சுற்றுலாக் குழுவா?

ஒரே ஊர், ஒரே அறை. குழுவோடு போனால் விடியற்காலைப் பேருந்துக்கு உடம்பு எழ மறுக்கும், 'குழந்தை இருக்கா?' என்று சாப்பாட்டு மேசையில் யாராவது கேட்பார்கள்.

ரத்து செய்வதா, தேதி மாற்றுவதா?

ரத்து செய்யும் முன்பே, பயணத்துக்கு உடல் தகுதியில்லை என்று தேதியிட்ட மருத்துவர் கடிதம் வாங்குங்கள். ரத்து செய்த பிறகு வாங்கிய கடிதத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கேட்டால் இழுபறியாகலாம். தேதி மாற்றினால், பழைய பாலிசி புதிய தேதிக்கும் செல்லுமா, கருச்சிதைவுக்குப் பின்வரும் சிக்கலுக்குப் பணம் தருமா என்று எழுத்தில் கேளுங்கள். நடந்ததை மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியின் ஆங்கிலப் பிரதியும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். கோடீன், டிரமடால் போன்ற வலி மாத்திரைகளுக்குச் சில நாடுகளில் முன் அனுமதி வேண்டும். அந்த நாட்டுத் தூதரக இணையதளத்தில் பார்த்துவிட்டு எடுத்துவையுங்கள்.