ஓடுகிற பிள்ளைகளுக்கு என்பிடெல் ஒத்துவருமா?

காலையில் நேரு ஸ்டேடியத்தில் பயிற்சி, பகலில் பிபிஏ வகுப்பு என்று அல்லாடும் மாணவர்களுக்கு, சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லின் தொழில்முனைவு, மேலாண்மைப் பாடங்கள் நன்றாகவே ஒத்துவரும். சேர்வது இலவசம், சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம்.

அசல் வசதி மதிப்பெண் முறையில் இருக்கிறது. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரிக்கு 25, தேர்வுக்கு 75. ஆக, தடகள மீட், பயிற்சி கேம்ப் என்று நாலு வாரம் விட்டுப்போனாலும் அடி விழாது. 8 வாரப் பாடத்தில் இரண்டைத்தான் விடலாம். அந்தச் சலுகையை முதல் மாதமே சோம்பலில் கரைத்தால் போட்டி சீசனில் திண்டாட்டம்தான். சான்றிதழுக்கு 25க்கு 10, 75க்கு 30 தனித்தனியாக வேண்டும். ஒன்றில் அள்ளி மற்றதை ஈடுகட்ட முடியாது.

உதைக்கிற இடம் தேர்வு நாள். மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பாடத்தின் பக்கத்திலேயே தேதி இருக்கும். மீட் அட்டவணையோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இந்தப் பாடத்துக்குக் கல்லூரியில் கிரெடிட் (பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் புள்ளி) கிடைக்குமா என்பதையும் சேருமுன் துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தை செல்லாது.

அசைன்மென்ட் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ரகம். பிசினஸ் பிளான் எழுதிப் பழக இது போதாது.