கோழிக்கடைத் தண்ணிக்கு மண்புழுத் தொட்டி: பூட்டலாமா?

யாழ்ப்பாணம் இணுவிலில கோழிக்கடை வச்சிருக்கிறன். கடை கழுவுற ஊத்தைத் தண்ணியைச் சுத்தமாக்கப் பின்வளவில மண்புழுத் தொட்டி பூட்டி ஒரு கோடையும் ஒரு மாரியும் கழிஞ்சிட்டுது. கன கடைக்காரர் விசாரிக்கினம், அதான் எழுதுறன்.

மணம் இல்லை. முந்திக் குழி மூடியைத் திறந்தா பக்கத்து வீட்டு அன்ரி யன்னலைச் சாத்துவா; இப்ப தொட்டியடியில நிண்டு தேத்தண்ணி குடிக்கலாம். மேல மரத்தூளுக்குள்ள புழு, கீழ மணல், சின்னச் சல்லி, பெரிய கல்லு. ஓட்டை போட்ட பைப்பால தண்ணி பரவலா விழும். புழு துளைச்சுக்கொண்டே திரியிறதால உள்ளுக்குக் காத்துப் போகும், ஊத்தை அழுகி நாறாது. 1992இல சிலி நாட்டுப் பல்கலைக்கழகத்தில தொடங்கின முறை இது.

பூட்ட வந்தவை சொல்லாமல் விட்டதுதான் கூட. புழு தோலாலதான் மூச்சு விடும். கொழுப்புப் படிஞ்சா காத்து அடைபட்டுச் செத்துப்போம். அதால இறகுக்கு வலையும் கொழுப்புக்குத் தனித்தொட்டியும் முன்னுக்கு வேணும். இரத்தத்தை வாளியில பிடிச்சு வேற எடுக்கோணும், இல்லாட்டி அமோனியா ஏறிப் புழு தாங்காது.

எனக்குக் கோவம் பைப்பில. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாட்டி பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) விடமாட்டார். அந்தத் தண்ணிக்கு வேற வழி விடாமல் எல்லாத்தையும் ஒரே பைப்பில குடுத்திட்டுப் போட்டினம். கேட்டதுக்கு, "புழு பழகிடும் அண்ணை" எண்டான் வந்த பெடியன். காலமை பாத்தா புழு கொத்துக் கொத்தாத் தொட்டிச் சுவரில ஏறி நிக்குது, பாதி வெளுத்துச் செத்துக் கிடக்குது. பிறகு நான்தான் பிளம்பரைப் பிடிச்சு, பிளீச்சிங் தண்ணியைத் தொட்டிக்குப் போகாமத் திருப்ப வால்வு போட்டு, திரும்பப் புழுவும் வாங்கி விட்டன்.

வெளிய வாற தண்ணி தெளிவா இருக்குதெண்டு கிணத்தடியில விட்டிடாதேங்கோ. அதில நைத்திரேற்று இருக்கும், கிருமியும் இருக்கலாம். எங்கட சுண்ணாம்புக்கல் வெடிப்புக்குள்ளால நேரா கிணத்துக்கு இறங்கிவிடும். குடிதண்ணியில நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் விட்ட உச்ச அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். உரத்தாலயும் மலக்குழியாலயும் இஞ்ச கன கிணறு ஏற்கனவே அதைத் தாண்டிட்டுது. நான் இதரை வாழைக்கு விடுறன்.

தொட்டிக்கு ஐஞ்சில நாலு, பூட்டினவைக்கு ரெண்டு. பூட்டுறதெண்டா பிளீச்சிங் தண்ணிக்கு வால்வும், மாரிக்குக் கூரையும் விலை பேசேக்கையே எழுதி வாங்குங்கோ.