ஒரே நாளில் மாயம், புனிதம், பேய்: ராமேசுவரம் – தனுஷ்கோடி ஆட்டோ உலா

நாங்கள் தங்கிய விடுதியின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. மாயக் கல், புனிதத் தீர்த்தம், பேய் நகரம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காட்டுவதாகவும், நால்வருக்கு ஆட்டோ கட்டணம் 1,800 ரூபாய் என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். ஏறத்தாழ இதே வரிசையில் இதே இடங்களைப் பலரும் சுற்றிக் காட்டுவதால், ஏற்பாடு செய்தவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்று கேட்காமல் பணம் கொடுத்தது எங்கள் பிழை.

காலைப் பகுதியில் குறை சொல்ல ஏதுமில்லை. விடியும் முன்பே அக்னி தீர்த்தக் கரையில் இறக்கிவிட்ட ஓட்டுநர், பணத்தையும் செல்பேசிகளையும் எங்கே வைப்பது, மாற்றுடையை யாரிடம் கொடுப்பது என்பதையெல்லாம் கேட்காமலே சொல்லிக் கொடுத்தார். கடலில் முழுகி எழுந்தபின் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். அதற்கான கோயில் கட்டணம் நபருக்கு 25 ரூபாயை நாங்களே செலுத்தினோம். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும் இந்த வரிசையில், கிணற்றின் விளிம்பில் கால்களை அகட்டி நின்றபடி கயிற்று வாளியை இறக்கி, மூன்றே இழுப்பில் மேலே கொண்டுவந்து, வரிசையில் ஒருவர் தலையும் நனையாமல் விடாத அந்த இறைப்பவர்களின் கைவேகத்தைப் பார்ப்பதற்கே கொடுத்த கட்டணம் தகும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கிணறுகளில் உப்புக் கரிக்காத நீர் கிடைப்பதை எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு அடங்குவதில்லை. ஈர உடையுடன் மூலவரைத் தரிசிக்க விடமாட்டார்கள் என்பதால், உடை மாற்றும் நேரத்தையும் சேர்த்துக் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குவது நல்லது.

அடுத்தது மாயம். பஞ்சமுக ஆஞ்சநேயர் கோயிலில் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் கற்களை, சேது அணை கட்டப் பயன்பட்ட கற்கள் என்ற நம்பிக்கையோடு மக்கள் தொட்டு வணங்குகிறார்கள். பவளப்பாறை போலத் துளை துளையாக இருந்த ஒரு கல்லை என் மகன் நீருக்குள் அமுக்கிப் பார்த்தான்; கையை எடுத்ததும் மேலே வந்துவிட்டது. உள்ளே காற்றறைகள் நிறைந்து, நீரைவிட அடர்த்தி குறைந்த கல் மிதக்கத்தான் செய்யும். அதைச் சொல்லி அங்கே நிற்பவர்களின் பக்தியைக் கலைக்க எனக்கு விருப்பமில்லை. எனது மனக்குறை கல்லைப் பற்றியதன்று, கல்லுக்கு அடுத்து எங்களைக் கொண்டுபோன சங்குக் கடையைப் பற்றியது. பிரசுரத்தில் இல்லாத அந்தக் கடையில் முக்கால் மணி நேரம் போயிற்று. வலம்புரிச் சங்கு வாங்காமல் வெளியே வந்தவர்களைக் கடைக்காரர் பார்த்த பார்வையை மட்டும் இலவசமாகப் பெற்றுக்கொண்டோம்.

மதிய உணவு சுமார்தான். வழியில், விபீஷணன் அடைக்கலம் புகுந்த இடமாகக் கருதப்படும் கோதண்டராமர் கோயிலில் பத்து நிமிடம் நின்றோம். தனுஷ்கோடியை அழித்த 1964 புயலுக்குத் தப்பிய கட்டடம் என்பதை ஓட்டுநர் சொன்ன பிறகுதான் அதன் சுவர்களை நிமிர்ந்து பார்த்தேன்.

தனுஷ்கோடியின் இடிபாடுகளை அடைந்தபோது மணி நான்கை நெருங்கிவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சோதனைச் சாவடியிலேயே எச்சரித்திருந்ததால், அதற்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனைக்கும் சேர்த்து ஒரு மணி நேரமே மீதம் இருந்தது. ஒரு ஊரின் வரலாற்றுக்கு 20 நிமிடம், சங்குக் கடைக்கு 45 நிமிடம் என்ற இந்தக் கணக்கே இந்தச் சேவையின் பெரிய குறை.

பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்ட பின், சென்னையிலிருந்து ரயிலில் தனுஷ்கோடிக்கு வந்து, கப்பலில் தலைமன்னாருக்குக் கடந்து, அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது. ரயில் நிலையம், அஞ்சலகம், பள்ளி, தேவாலயம் என எல்லாம் அமைந்த துறைமுக ஊர் அது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலுக்கு இரையானது, ஊரும் அழிந்தது. மக்கள் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பிரசுரம் எழுதியவர் இதைத்தான் பேய் நகரம் ஆக்கியிருக்கிறார்.

“அண்ணா, பேய் எங்க இருக்கு?” என்று என் மகன் கேட்டான்.

“பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. எங்க அப்பத்தா இந்த ஊர்லதான் பொறந்துச்சு” என்றார் ஓட்டுநர்.

அதன்பிறகு அவர் பிரசுரத்தை மறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். தேவாலயச் சுவர் அருகே எங்களை அழைத்துச் சென்று, காரை உதிர்ந்த இடத்தில் விரலை வைக்கச் சொன்னார். சுவர் முழுவதும் பவளக் கல். மூளையின் மடிப்புகள் போல நெளிந்த வரிகளும், ஊசி முனையளவு துளைகளும் நெருக்கமாகத் தெரிந்தன. “காலைல தண்ணியில மிதந்துச்சே, அதே மாதிரி இருக்கு” என்றான் மகன். சற்றுத் தள்ளி மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து ஒரு பெண்மணி சிரட்டையால் நன்னீரை மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். ஓலைக் கொட்டகைகளில் மீனவக் குடும்பங்கள் இன்றும் வாழும் இடத்தைப் பேய் நகரம் என்று விற்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெண்மணியும் அந்தப் பிரசுரத்தைப் படித்தால் என்ன நினைப்பார்?

அரிச்சல்முனை வரை 2017இல் திறக்கப்பட்ட தார்ச்சாலை உள்ளதால், முன்புபோல மணலில் குலுங்கும் வேன் பயணம் தேவையில்லை. ஒருபுறம் சீறும் ஆண்கடல், மறுபுறம் அமைதியான பெண்கடல் என்று ஓட்டுநர் காட்டிய மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் அன்று பெயருக்கு ஏற்பவே நடந்துகொண்டன. நீரோட்டம் கடுமையானது என்பதால் அங்கே குளிக்க இறங்க வேண்டாம்.

ஓட்டுநருக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் தருவேன். பயணத் திட்டத்துக்கு இரண்டரைக்கு மேல் தர இயலாது. போக விரும்புபவர்கள் சங்குக் கடை வேண்டாம் என்று பணம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மதியச் சாப்பாட்டையும் இராமேசுவரத்தில் முடிக்காமல், ஒரு மணிக்கே தனுஷ்கோடிக்குக் கிளம்பினால், இடிபாடுகளுக்கு எதிரே உள்ள கொட்டகைக் கடைகளில் சுடச்சுடப் பொரித்த மீன் கிடைக்கும்.