பேரம் மாடியில், வெட்டு பில் கவுண்டரில்

ஆடித் தள்ளுபடியில் பெரிய ஷோரூமுக்குப் போய் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி எடுக்க நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். விலைச்சீட்டில் ஏமாறுகிறவர்கள் குறைவு. மேல் மாடியில் பேசிக் குறைத்த 2,000 ரூபாயை, கீழே பில் போடுவதற்குள் வேறு பெயர்களில் திரும்ப வாங்கிவிடுவார்கள்.

ஏசி வரிசைக்குப் போனதும் ஓடி வருகிறவர் பல நேரம் கடை ஊழியரே இல்லை. ஒரு கம்பெனி நிறுத்திவைத்திருக்கும் புரமோட்டர். தன் கம்பெனி பெட்டி விற்றால்தான் அவருக்கு ஊக்கத்தொகை. பக்கத்துப் பெட்டியைப் பற்றி அவர் சொல்லும் குறைகளைப் பாதிதான் எடுத்துக்கொள்ள வேண்டும். "ஃபைவ் ஸ்டார் சார்" என்றால் ஸ்டிக்கரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அதில் எந்த ஆண்டுக்கான லேபிள் என்பதும், மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்று சொல்லும் ஐஎஸ்இஇஆர் எண்ணும் இருக்கும். 2022 ஜூலையில் அளவுகோலை இறுக்கியபோது அதுவரை 5 ஸ்டாராக இருந்தது 4 ஸ்டாராக இறங்கியது. ஆகவே ஸ்டாரை எண்ணாமல் அந்த எண்ணை ஒப்பிடுங்கள். கூடினால் மின்செலவு குறையும். மாடல் நம்பரைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் விலையைக் காட்டினால் "அது வேற மாடல் சார்" என்பார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும்.

அடுத்து வட்டியில்லா தவணை. விலை 42,000, 12 மாதம், அதில் 4 தவணை முன்பணம் என்று வைத்துக்கொள்வோம். கையில் 14,000 கட்டிவிடுகிறீர்கள். உண்மையான கடன் 28,000, அதுவும் 8 மாதத்துக்குத்தான். மாதம் 3,500 குறைந்துகொண்டே வரும். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் 2,000 தள்ளுபடி தவணைக்குக் கிடையாது. பிராசஸிங் கட்டணம் 1,000. ஆக 3,000 ரூபாய் செலவு. நிலுவையோடு வைத்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 28 சதவீதத்தைத் தாண்டுகிறது! கிரெடிட் கார்டு தவணையிலும் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் ஸ்டேட்மெண்டில் வந்து நிற்கும். தவணை என்ற பேச்சை எடுக்கும் முன்பே ரொக்க விலையை ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.

பில் போடும்போது கேட்காமலே ஒரு அயிட்டம் சேர்ந்திருக்கலாம்: எக்ஸ்டெண்டட் வாரண்டி. "கம்பெனி வாரண்டிதான்" என்பார்கள். சான்றிதழில் யார் பெயர் என்று பாருங்கள். பெரும்பாலும் வேறொரு நிறுவனம். கம்பெனி வாரண்டி முடிந்த பிறகுதான் அது தொடங்கும், தேய்மானம் கழிப்பார்களா என்பது பொடி எழுத்தில் இருக்கும். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 10 வருடம் கம்ப்ரசருக்கு மட்டும். கேஸ், காயில், பிசிபி என்ற மின்னணுப் பலகை எல்லாவற்றுக்கும் தனிக் கணக்கு.

பணத்தைவிடப் பெரிய சேதம் மாட்டும் நாளில்தான் நடக்கிறது. சீசனில் ஒரே ஆள் நாளைக்கு ஆறேழு ஏசி மாட்ட ஓடுவார். செம்புக் குழாயின் வாயை அவசரமாக விரித்து நட்டை இறுக்கிவிட்டு, குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் பம்ப் போடாமல், உள்ளே இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். குழாய்க்குள் ஈரமும் காற்றும் தங்கிவிடும். இணைப்பில் கசிவு இருந்தால் அடுத்த கோடையில் குளிர்ச்சி போய்விடும். அப்போது கம்பெனியைக் கூப்பிட்டால் "இன்ஸ்டலேஷன் கோளாறு, வாரண்டியில் வராது" என்ற பதில்தான். அதனால் வால்வைத் திறக்கும் முன் பம்ப் குறைந்தது 15, 20 நிமிடம் ஓட வேண்டும். திறந்த பிறகு இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் கொண்டுவரவில்லை என்றால் மாட்டவிடாதீர்கள். பெட்டியோடு வரும் குழாய் பொதுவாக 3 மீட்டர். அவுட்டோர் யூனிட் மொட்டை மாடிக்குப் போனால் கூடுதல் குழாய், ஸ்டாண்டு, வடிகால் பைப் என்று சில ஆயிரம் ஏறும். கடை ஆளை நம்பாமல் கம்பெனியின் இலவச எண்ணில் நீங்களே பதிவு செய்து, விலைப் பட்டியலை முதலில் கேட்டு, ஜிஎஸ்டி பில் வாங்குங்கள்.

ஷோரூமில் நல்லதும் உண்டு. யூனிட்டின் சத்தத்தை நின்று கேட்கலாம். மாதக் கடைசி வாரத்தில் டார்கெட் முட்டாத கடையில் மேனேஜரிடம் நேராகப் பேசினால் ஆன்லைன் விலைக்கு இறங்கி வரலாம், ஸ்டெபிலைசரும் சேர்த்துத் தரலாம். வண்டியில் அடிபட்டு வந்த பெட்டியை வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

பில்லில் மாடல் நம்பரும் இரண்டு யூனிட்டின் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். பில்லில் கெடு எதுவும் சொல்லாதபோது, பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். அதில் தீரவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கையில் பில், வாரண்டி அட்டை, பெட்டி பிரித்ததிலிருந்து மாட்டி முடித்தது வரை எடுத்த வீடியோ இருக்கட்டும்.